கண்ணில் வளர்ந்த புதுப்பட்டை

உட்கார்ந்து எழுதுங்கள் என்றார்கள். உட்காருவதுதான் எனக்கு வராத வேலை. ஆஸ்பத்திரியின் கண் பகுதியில் அட்டெண்டனாக இருந்த காலம் முழுவதும் நின்றே பழகியவன். இப்போது வீட்டில் நாற்காலி இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, சும்மா இருங்கள் என்று சொல்ல மனைவி இருக்கிறாள். ஆனாலும் இந்த ஒரு பத்தியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து வாசலுக்குப் போய் வந்துவிட்டேன். எங்கள் தொழிற்சங்க மலருக்காகக் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான்.

எழுதத் தூண்டியது ஓர் இயந்திரம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் அது எங்கள் பகுதிக்கு வந்தது. கண்புரை அறுவை செய்தவர்களுக்குப் பிறகு மறுபடி மூட்டம் போட்டால், அதை ஒளியைக் கொண்டே திறந்துவிடும் இயந்திரம். ஆள் உட்கார்ந்து தாடையை ஒரு தாங்கியில் வைக்கிறார். 'டிக், டிக்' என்று சத்தம். எழுந்து போய்விடுகிறார். ஊசி இல்லை, கட்டு இல்லை, தலையைப் பிடிக்க ஆளும் தேவையில்லை.

தலையைப் பிடித்தவன் நான்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச காலம் தரை துடைத்தேன், கொஞ்ச காலம் வார்டில் இருந்தேன், பிறகு அறுவை அறைக்குள் விட்டார்கள். படித்துக் கொடுக்க யாரும் இல்லை. பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். இமை மயிரை வெட்டும் கத்தரியில் வாஸ்லின் தடவினால் மயிர் கண்ணுக்குள் விழாமல் கத்தரியிலேயே ஒட்டிக்கொள்ளும். கண் பாப்பா விரிவதற்கான சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை முடிந்ததும் தலையின் இரு பக்கமும் மணல் பையை வைத்து, ஆள் திரும்பாமல், இருமாமல், முக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோறுகூட நாங்கள்தான் ஊட்டுவோம். பெரிய பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் என்னிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் லென்சை அதன் பையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். உறைய வைக்கும் கோலின் நுனியை வைத்ததும் லென்ஸ் அதில் ஒட்டிக்கொள்ளும். மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே இழுப்பார்கள். நல்லெண்ணெய் நிறத்தில், தட்டைப் பருப்பு மாதிரி இருக்கும். அதை ஈரத் துணியில் வைத்து, ஒரு சின்ன மூடியில் ஏந்திக்கொண்டு வெளியே போவேன். அங்கே மரப் பெஞ்சில் வீட்டார் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து நின்று பார்ப்பார்கள். சிலர் கும்பிடுவார்கள். ஒருவர் கேட்டு வாங்கிப் போய் கிந்தா ஆற்றில் விட்டதாகப் பிறகு சொன்னார். இது எந்த உத்தரவிலும் இல்லாத வழக்கம். யார் தொடங்கியதோ தெரியாது. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் வீட்டார் முகத்தில் ரத்தம் ஓடும். பேச்சு வராத எனக்கு அது வசதியாகவும் இருந்தது. காட்டினால் போதும், பேச வேண்டியதில்லை.

எண்பதுகளில் டாக்டர் நடேசபிள்ளை வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இங்கேயே பிறந்தவர், வெளிநாட்டில் போய்ப் புது முறை படித்து வந்தவர். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் குரல் இறங்கும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. நோயாளியைத் தொடும் முன் ஒவ்வொரு தடவையும் சொல்லுவார்: "இப்ப தொடப் போறன்." மருந்து விடும்போதும் சொல்லுவார், கம்பியால் இமையை விலக்கும்போதும் சொல்லுவார். மயங்கிக் கிடப்பவரிடமும் சொல்லுவார். ஒருநாள் நர்ஸ் சிரித்துவிட்டார். "கேக்கிறவைக்கு இல்லை, தொடுற கைக்குச் சொல்லுறன்" என்றார். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

அவருடைய முறையில் லென்சின் பையை முழுசாக எடுப்பதில்லை. முன்தோலைத் திறந்து, உள்ளே இருப்பதை எடுத்து, மிச்சத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, பின்தோலை அப்படியே விட்டுவிடுவார். அந்தத் தோல்மேல் பிளாஸ்டிக் லென்ஸ் உட்காரும். சோடாபுட்டிக் கண்ணாடி போடத் தேவையில்லை. கட்டுப் பிரித்த காலையிலேயே ஆட்கள் சுவரில் இருக்கும் காலண்டரைப் படித்தார்கள்.

ஆனால் பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் காட்ட ஒன்றும் இல்லை. வந்ததெல்லாம் துண்டும் தூளுமாகத் தண்ணீரோடு போய்விட்டது. "எடுத்ததக் காட்டலியே தம்பி?" என்று வீட்டார் கேட்பார்கள். டாக்டரிடம் சொன்னேன். "காட்டுறதுக்கு ஒண்டுமில்லை முத்து. நீர் போய் விளங்கப்படுத்தும்" என்றார். நான் போய் நிற்பேன். எல்லாம் சரியாப் போச்சு என்பேன். அவ்வளவுதான் வரும். கையில் ஒன்றும் இல்லாமல் வந்து நிற்பவனை யார் நம்புவார்கள்?

சின்னசாமி அண்ணன் அந்தக் காலத்தில் வந்தவர்.

அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பட்டையைச் சீவிப் பால் எடுப்பதைத்தான் தோட்டத்தில் மரம் வெட்டுவது என்போம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு புந்தோங்கில் வீடு எடுத்து, ஒரு மரக் கடைக்குக் காவல்காரராக ஜாகா வேலை பார்த்தார். இடது கண் வாலிபத்திலேயே போய்விட்டது. பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்ததாம். யாரோ மருந்து வைத்துக் கட்டி, "ஒண்ணும் ஆகாது, நல்லாயிரும்" என்றார்களாம். கட்டைப் பிரித்தபோது பார்வை இல்லை. மிஞ்சிய வலது கண்ணில் புரை விழுந்ததும், அவரோடு மரம் வெட்டிய மனைவி ராக்கம்மா கையைப் பிடித்து அழைத்து வந்தார். டாக்டர் புது முறையில் செய்தார். நன்றாக வந்தது. கட்டைப் பிரித்த அன்று சின்னசாமி அண்ணன் என் சட்டையைப் பார்த்து, "தம்பி, பொத்தான மாத்திப் போட்டுருக்க" என்றார். வார்டே சிரித்தது.

ஒரு வருஷத்துக்கு மேல் ஒன்றுமில்லை. பிறகு ஒருநாள் கிளினிக்கில், சுவரைத் தடவிக்கொண்டு தனியாக வந்தார். மனைவி கூட இல்லை.

டாக்டர் விளக்கை வைத்துக் கண்ணைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, "நீரும் பாரும், பார்த்தாத்தான் சொல்ல வரும்" என்று விலகினார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பிளாஸ்டிக் லென்ஸ் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னால், ஓரத்திலிருந்து நடுவரைக்கும், வேக வைத்த ஜவ்வரிசியை அப்பி வைத்த மாதிரி முத்து முத்தாக ஏதோ வளர்ந்திருந்தது.

"எவ்வளவு கழுவினாலும் பையின்ர ஓரத்தில கண்ணுக்குத் தெரியாத உயிரணு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது உயிருள்ளது. வளரும். பின்தோலில படர்ந்து மூடும். இது புரை திரும்பி வந்ததில்லை. ஊசியால நடுவில ஒரு வாசல் திறந்துவிட்டால் தெரியும்" என்றார் டாக்டர். பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஒற்றைக் கண். ஆபத்து இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்."

நான் சின்னசாமி அண்ணனிடம் என் அளவுக்குச் சொன்னேன். அவர் காதில் விழுந்தது ஊசி ஒன்றுதான்.

வியாழக்கிழமைக்கு நேரம் குறித்தார்கள். அதோடு டாக்டருக்குப் பினாங்குக்கு மாற்றல். அவருக்குப் பிறகு அந்த ஊசியைப் பிடிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. ஒளி இயந்திரம் அப்போது கோலாலம்பூரில் இருப்பதாகக் கேள்வி. அங்கே போய்க் காத்திருக்கச் சின்னசாமி அண்ணனுக்கு வழியில்லை, கூட்டிப்போகவும் ஆளில்லை. இந்த வியாழன் போனால் அவருக்கு மீதமிருக்கும் வெளிச்சமும் போய்விடும். அது எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் அவரை வார்டில் சேர்த்தோம். மதியம் படுக்கை காலி. ஆஸ்பத்திரிச் சட்டையோடு, யாரோ பார்க்க வந்தவருடன் பேருந்து ஏறிப் போயிருக்கிறார். சீனத்துத் தலைமை நர்ஸ் மலாய் பாதி, தமிழ் பாதியாக என்னைப் பிடித்துக்கொண்டார். "மானா டியா? எங்க போனாரு உங்க ஆளு?" உங்க ஆளு! தமிழர் யார் ஓடினாலும் அது என் கணக்கு.

டாக்டர் ஒன்றும் திட்டவில்லை. "போய்க் கூட்டிக்கொண்டு வாரும். இழுத்துக்கொண்டு வர வேண்டாம். அவராக வர வேணும்" என்றார்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். எனக்குப் போய்ப் பேசத் தெரியாது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சிலிபினில் என் வீட்டைத் தாண்டும்போது, அப்படியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது.

அவர் வீட்டு வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அதே ஆஸ்பத்திரிச் சட்டையோடு. மோட்டார் சத்தத்துக்குத் தலையைத் திருப்பினார்.

"யாரு?"

"நாந்தாண்ணே. முத்து. ஆஸ்பத்திரி."

"வா. வந்துட்டுப் போ. நான் வாரதா இல்ல."

"டாக்டர் நல்லவருண்ணே."

"நல்லவருதான். மொதக் கண்ணக் கட்டுனவனும் நல்லவன்தான். ஒண்ணும் ஆகாதுன்னான். இப்ப இருக்கறது ஒண்ணு. அதுலயும் ஊசியக் குத்தி வடிஞ்சிருச்சுன்னா? இப்ப நெழலாச்சும் தெரியுதுலா."

அவரே தொடர்ந்தார்.

"டாக்டரு மேல தப்பில்ல தம்பி. எல்லாம் அவ பண்ணுனது. பத்தியம் சொல்லியிருந்தாங்க. கருவாடு, நெத்திலி, கத்திரிக்கா ஆகாது. நெத்திலி சம்பல் வச்சுக் குடுத்தா. தின்னேன். கண்ணுல மறுபடியும் பூத்துப் போச்சு. எங்கண்ண அவிச்சுட்டேடின்னு சொன்னேன். கோவிச்சுக்கிட்டு அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. போகட்டும்."

யார் அந்தப் பத்தியத்தைச் சொன்னார்கள்? ஆஸ்பத்திரியில் இல்லை. தோட்டத்தில் எந்தக் காயத்துக்கும் சொல்கிற பத்தியம். உற்றார் உறவினர் அதையே கண்ணுக்கும் சொல்லியிருப்பார்கள். இல்லையண்ணே, சாப்பாட்டால் வருவதில்லை என்றேன். "ஒனக்கு என்ன தெரியும், நீ தலையப் புடிக்கிறவன்தானே" என்றார். அதுவும் சரிதான்.

ராக்கம்மா அக்காவின் தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே போனேன். கச்சாங் பூத்தே என்கிற வறுகடலை வகைகள் வறுக்கும் தொழில் அவர்களுக்கு. பின்கட்டில் பெரிய இரும்புச் சட்டியில் மணலைப் போட்டுக் கடலை வறுத்துக்கொண்டிருந்தார் அக்கா. என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றது.

"கண்ணு போயிருச்சா தம்பி?"

"இல்லக்கா. நாளைக்கு ஊசி வைக்கணும். அவரு வரமாட்டேங்கறாரு."

"எனக்கென்ன. நான்தானே அவிச்சேன்." கரண்டி மறுபடி ஓடியது. "நெத்திலி எப்படி வந்துச்சுன்னு கேளு தம்பி. தட்ட நீட்டி நீட்டிக் கேட்டாரு. ஒரே ஒரு கரண்டி போடுடி, ஒரே ஒரு கரண்டின்னு. ஒரு வருஷமா உப்புச் சப்பில்லாமத் தின்னவரு. மனசு கேக்கல, வச்சேன். ரெண்டாந்தடவ கேட்டது யாரு? நானா?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தச் சூட்டில், புகையில், எப்படியோ எனக்குப் பேச்சு வந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் இருக்கலாம். டாக்டர் சொன்னதை முதலிலிருந்து சொன்னேன். லென்சுக்கு ஒரு பை. முன்தோல், பின்தோல். முன்னைத் திறந்து எடுத்தார், பின்னை விட்டார், புது லென்ஸ் உட்கார அது வேண்டும். ஓரத்தில் கொஞ்சம் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். அது படர்ந்து வளர்ந்து, விட்டுவைத்த தோலை மூடும்.

கரண்டி நின்றது.

"உள்தோல வேணும்னே விட்டாரா?"

"வேணும்னேதான்."

"காயம் படாம?"

"காயம் படாம."

"அப்ப இது பட்ட வளர்ற மாதிரியில்ல இருக்கு!" அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். "மரம் வெட்டறப்ப கத்தி உள்மரத்துல படக்கூடாது தம்பி. மெல்லிசா ஒரு தோல விட்டு வெட்டணும். விட்டாத்தான் பட்ட திரும்ப வளரும். பட்டுச்சோ, காயம். அந்த எடத்துல முண்டு முண்டா நிக்கும், பட்டையே வராது. ஒங்க டாக்டரு நல்ல வெட்டுக்காரரு போல. நல்லா வெட்டுனதுனாலதான் வளருது."

நானும் தோட்டத்தில் பிறந்தவன்தான். எத்தனையோ பேருக்கு மணல் பை வைத்தேன், எத்தனையோ மூட்டத்தைப் பற்றிக் கேட்டேன். எனக்கு இது தோன்றவில்லை. மரம் வெட்டிய கைக்குத்தான் தோன்றியது. பிறகு டாக்டரிடம் சொன்னபோது, அவர் சந்தோஷப்பட்டு, தோட்டத்துக்காரர்கள் எல்லாருக்கும் இனி இப்படியே சொல்லும் என்றார்.

ஆனால் அக்கா அந்த நேரம் சந்தோஷப்படவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"அப்ப நெத்திலிக்கும் இதுக்கும்?"

"ஒண்ணுமில்லக்கா."

"இத இத்தன மாசமா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே. நான் அந்தப் பெஞ்சுலதானே உக்காந்துருந்தேன்?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. தங்கையைக் கூப்பிட்டுச் சட்டியை ஒப்படைத்துவிட்டு நடக்கத் தொடங்கினார். நான் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஓடினேன்.

தன் வீட்டு வாசலில் நின்றதும் அக்கா கேட்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, நீங்க வெட்டுன நெரையில எத்தன மரத்துல காயம் வச்சீங்க?"

"அது எதுக்கு இப்ப?"

"சொல்லுங்க. கங்காணி ஒங்கள நெரைய விட்டே எறக்கிப் புல்லு வெட்டப் போட்டாரா இல்லியா?"

"ஏய், ஆளு நிக்கறாரு."

"நிக்கட்டும். நீங்க வெட்டுன மரத்துல பட்ட வளரவே வளராது. அந்த டாக்டரு வெட்டுன கண்ணுல வளருது. நல்ல வெட்டு. அதுக்கு என் நெத்திலி என்னங்க செய்யும்?"

பிறகு, நான் சொன்னதையெல்லாம் என்னைவிட அழகாகச் சொன்னார். சின்னசாமி அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் வந்து, "இன்னும் ரெண்டு நாளு இப்படியே யோசிச்சா கண் ஆஸ்பத்திரி வேணாம், தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

"வடிஞ்சிருச்சுன்னா?" என்றார் சின்னசாமி அண்ணன். குரல் குழந்தைக் குரலாக இருந்தது.

அக்கா பொய் சொல்லவில்லை. "வடிஞ்சா வடியட்டும். நான் கையப் புடிச்சுக்கிறேன். இப்ப மட்டும் யாரு புடிக்கிறா? சுவரத்தானே புடிச்சுக்கிட்டுப் போறீங்க."

அவர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

வியாழக்கிழமை அவர்தான் முதல் ஆள். மரக்கச் செய்யும் மருந்தை விட்டேன். இமைக்குக் கம்பி வைத்தார்கள். நான் தலைமாட்டில் நின்று இரண்டு உள்ளங்கையாலும் தலையைப் பிடித்தேன். நெற்றிப்பொட்டு இரண்டும் என் கட்டைவிரலுக்கு அடியில் துடித்தன. அறைக்குள் குளிர், ஆனால் எனக்கு முதுகு நனைந்தது.

"இப்ப தொடப் போறன்" என்றார் டாக்டர்.

ஊசி மிக மெல்லியது. நுனி வளைந்திருக்கும். கருவிழியின் ஓரம் வழியாகப் போய், லென்சின் பின்னால் திரும்பி, தோலின் நடுவில் மட்டும் கிழிக்க வேண்டும். லென்ஸ் அசையக் கூடாது. பின்னால் ஆழமாகவும் போகக் கூடாது. டாக்டர் ஊசியைக் கையில் எடுத்தவுடன் நிறுத்தினார்.

"கால் ஆடுது."

பார்த்தேன். போர்வைக்குள் இரண்டு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன. கால் நடுங்கினால் உடம்பு நடுங்கும், உடம்போடு தலையும். நோயாளி பேசக் கூடாது, தாடை அசையும். நர்ஸ் காலைப் பிடித்தார். நிற்கவில்லை. அந்த அறையில் அத்தனை வருஷம் நின்றும் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. குனிந்து அவர் காதில் சொன்னேன்.

"அண்ணே, அக்கா வெளியில பெஞ்சுல உக்காந்துருக்கு. நீல சேல. கையில டிபன் கேரியர் இருக்கு. என்னன்னு கேட்டேன், சொல்லமாட்டேங்குது."

கால் மெதுவானது.

"வாசன வருதுண்ணே. நான் சொல்லமாட்டேன். நீங்களே பாத்துக்குங்க."

கால் நின்றது. டாக்டரின் ஊசி உள்ளே போனது. நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. சட்டென்று ஊசி வெளியே வந்துவிட்டது. டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்து, தலையை அசைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். கையை எடுக்கப் பயந்து, நர்ஸ் தலையைப் பிடித்த பிறகே எட்டிப் பார்த்தேன். ஜவ்வரிசிக்கு நடுவில், நல்ல கறுப்பாக, ஒரு வாசல் திறந்திருந்தது.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தபோது டாக்டர் விரலைக் காட்டி, "இது எத்தினை?" என்றார். சின்னசாமி அண்ணன் விரலைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டி, கட்டில் கால்மாட்டில் நின்றவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ஏன் இப்படி எளச்சுப் போயிட்ட?"

"ஒங்க கூடப் பத்தியம் இருந்தேன்ல, அதான்" என்றார் அக்கா.

டாக்டர் விரலை மடக்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மாலையே பினாங்கு போய்விட்டார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

எழுந்து வாசலுக்குப் போய் வந்தேன். இன்னும் கொஞ்சம்தான்.

கடைசி வேலை நாளில் அந்த ஒளி இயந்திர அறையில் நின்றிருந்தேன். என் கைக்கு வேலை இல்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் விட்டேன், எடுத்தேன், பின்னால் கட்டினேன். உள்ளே ஒருவர் தாடையை வைத்துக்கொண்டிருந்தார். இருக்க முடியாமல் வெளியே வந்தேன். அதே மரப் பெஞ்சு. அவருடைய மனைவி போலிருக்கிறது, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாதவர். நானாக யாரிடமும் பேச்சைத் தொடங்குகிறவன் இல்லை.

"தங்கச்சி, இது சாப்பாட்டுனால வரதில்ல. வீட்டுல யாரும் பண்ணுனதும் இல்ல. அதுவா வளர்றது" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒண்ணும் கேக்கலியே அண்ணே."

சரி என்று திரும்பி நடந்தேன். இரண்டு எட்டுகூட வைத்திருக்கமாட்டேன்.

"அண்ணே," என்று பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டார். "கருவாடுகூடவா?"